வெற்றிடம் கெட்டுவிட்டது

'ஃகலா' என்னும் அறபுச் சொல்லை மதரசாவில் ஓதியோர் இரண்டு இடங்களில் சந்தித்திருப்பர். முதலில், ஃபிக்ஹு நூல்களில், இயற்கைத் தேவைக்காக ஒதுங்குமிடத்தின் ஒழுக்கங்களைக் கூறும் பகுதியில் அது வரும். சில ஆண்டுகள் கழிந்து ஹிக்மத் பாடம் தொடங்குங்கால், அதே சொல் தத்துவ வேடம் பூண்டு வந்து நிற்கும். ஆங்கு அதன் பொருள் வெறுமை. உடனே வகுப்பின் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும். உஸ்தாத் அவர்கள் அதனைக் கேளாதவர் போன்று பக்கத்தைப் புரட்டுவார்கள். நாம் ஓதிய 1980களில் எழுந்த அச்சிரிப்பு, நாம் ஓதிக் கொடுக்கும் இந்நாளிலும் எழாமலில்லை.

அறிஞர் அதீருத்தீன் அல்-அப்ஹரீ 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'ஹிதாயத்துல் ஹிக்மா' நம் நாட்டு மதரசாக்களில் பல தலைமுறைகளாக ஓதப்பட்ட நூல். இடம் என்பது வெறுமையா, அன்றி ஒரு பொருளைச் சூழ்ந்திருக்கும் மற்றொன்றின் உட்பரப்பா என வினவி, வெறுமை என ஒன்று இருத்தல் இயலாது என்று அந்நூல் முடிவு கட்டும். இப்னு ஸீனாவின் கொள்கையும் அதுவே. அவருக்கும் முற்பட்ட ஃபாராபி, வெறுமையைப் பற்றித் தனியே ஒரு சிறு நூலே எழுதினார். குடுவையிலுள்ள காற்றை வாயால் உறிஞ்சிவிட்டு நீரில் கவிழ்த்தால் நீர் மேலேறுகிறதே, உள்ளே வெறுமை உண்டானதாலன்றோ என்பார்க்கு, எஞ்சிய காற்றே விரிந்து குடுவையை நிறைத்திருந்தது, பின்னர்த் தன் பழைய அளவுக்குத் திரும்பியது, வெறுமை எங்கே இருந்தது என அவர் மறுமொழி கூறினார். கலாம் கலை வல்ல அஷ்அரீ அறிஞர்களோ எதிர்ப்பக்கம் நின்றனர். அணுக்கள் அசையவும் சேரவும் பிரியவும் இடைவெளி வேண்டுமாதலின் வெறுமை இயலும் என்பது அவர்தம் வாதம்.

இவ்வழக்கினை நாம் பல்லாண்டு ஓதிக் கொடுத்திருக்கிறோம். தேர்வில் ஒரு வினாவாக வரும், எழுதிவிட்டு மறப்பார்கள். 2019ஆம் ஆண்டில் அஃது நம் வீட்டு வழக்காயிற்று.

நம் தங்கைக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்று. அறுவை முடிந்தபின் 30 நாள் கதிர்வீச்சு வேண்டும் என்றனர். மருத்துவமனை ஒரு பெருநகரில் இருந்தது, பெயர் வேண்டா. ஸுப்ஹுத் தொழுகை முடிந்ததும், களியக்காவிளைச் சந்தைக்கு வாழைக்குலைகள் வந்திறங்கும் வேளையில், முதற்பேருந்தில் அவளை ஏற்றிச் செல்வது நமது கடமையாயிற்று. அங்கே ஒரு பெரும் பொறி. அதன் வயிற்றுள், ஒரு முழத்துக்கு முன்பின் நீளமுள்ள செம்புக் குழாய் ஒன்றில், எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்கு விரட்டப்பட்டு, கனமான உலோகத் தகட்டில் மோதி எக்ஸ் கதிர்களாகின்றன என்றும், அக்கதிர்களே நோயைச் சுடுகின்றன என்றும் கூறினர். இவ்வகைப் பொறியை இந்தியாவில் முதன்முதல் 1976இல் நிறுவியது சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் தோற்றுவித்த நிலையம் அது. இன்று மும்பையிலுள்ள சமீர் என்னும் மத்திய அரசு நிறுவனம் இப்பொறிகளை நம் நாட்டிலேயே உருவாக்கியிருக்கிறது.

11 நாள் முடிந்து 12ஆம் நாள் சென்றபோது பொறி நின்றிருந்தது. "வேக்குவம் போச்சு, நாளைக்கு வாங்க" என்றார் அங்குள்ள இளைஞர். மறுநாளும் அதே சொல். அதற்கு மறுநாளும் அதுவே. நீண்ட தாழ்வாரத்தில் நாற்பது பேர் அமர்ந்திருந்தோம். குழந்தையை மடியில் கிடத்திய தாய்மாரும் இருந்தனர். கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து மகனை அழைத்து வந்திருந்த முதியவர் எழுந்து நின்று உரக்கக் கேட்டார்: "வேக்குவம்னா ஒண்ணுமில்லாததுதானே? ஒண்ணுமில்லாதது எப்பிடிப் போவும்?"

சிலர் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. இளைஞரிடம் மறுமொழியும் இல்லை. அப்ஹரீயின் நூலுக்கு விரிவுரை எழுதியோர் எவரும் இத்துணைக் கூரிய வினாவை எழுப்பியதாக நமக்கு நினைவில்லை. "காக்கா, இடையில நிண்ணா நோவு திரும்ப வளருமா?" என்று தங்கை நம் காதருகே கேட்டாள். கதிர்வீச்சுக்கு இடையே நாட்கள் தவறினால், எஞ்சிய நோயணுக்கள் மீண்டும் பெருகத் தலைப்படும் என்பதும், இத்தகைய புற்றுகளில் மருத்துவர் ஒவ்வொரு நாளையும் எண்ணிக் கணக்கிடுவர் என்பதும் உண்மையே. அவளிடம் நாம் அப்பொழுது ஒன்றும் கூறவில்லை. அன்றிரவே, நம்மிடம் ஐந்தாண்டு ஓதிப் பின்னர் பாலிடெக்னிக் பயின்று, வடநாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தின் வெற்றிடப் பிரிவில் பணியாற்றும் மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் அன்று சுருக்கமாகவும், பின்னொரு விடுமுறையில் ஊர் வந்திருந்த காலை நம் திண்ணையில் இரண்டு மாலைப் பொழுதுகள் அமர்ந்து விரிவாகவும் கூறியவற்றையே ஈண்டு எழுதுகிறோம்.

எலக்ட்ரான் முடுக்கி எத்துணைப் பெரிதாயினும் சிறிதாயினும் அதன் தொடக்கம் எலக்ட்ரான் துப்பாக்கியே. துப்பாக்கி என்ற பெயர்தான் அச்சமூட்டும். உள்ளிருப்பது ஒரு சிறு பொத்தானளவு உலோக வில்லை. அதனைச் சூடேற்றினால் எலக்ட்ரான்கள் அதன் மேற்பரப்பிலிருந்து ஆவிபோல் கிளம்பும். எதிரே நடுவில் துளையுள்ள தகடு ஒன்றை வைத்து, பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் அவை துளைவழியே பாய்ந்து முடுக்கிக்குள் நுழையும். இவ்வளவே செயல். ஆயின் காற்று சிறிதளவேனும் உள்ளிருந்தால் மூன்று கேடுகள். எலக்ட்ரான்கள் காற்றின் மூலக்கூறுகளில் மோதிச் சிதறும். மின்னழுத்தம் பொறியாகப் பாய்ந்து பீங்கான் காப்பைச் சுடும். எல்லாவற்றினும் மேலாக, சூடேறிய வில்லையின் மேற்பரப்பில் உயிர்வாயுவும் நீராவியும் படிந்து அதனை நஞ்சூட்டிவிடும். நஞ்சேறிய வில்லை மீண்டும் உயிர்ப்பது அரிது.

எலக்ட்ரானைக் கண்டறிந்ததே வெறுமையின் தயவால்தான் என்று நம் மாணவர் கூறியது நம்மை வியப்பிலாழ்த்தியது. எதிர்மின்வாய்க் கதிர்களை மின்புலத்தால் வளைக்க 1880களில் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் முயன்றார். குழாயில் எஞ்சிய வாயு கெடுத்தது, கதிர் வளையவில்லை. 1897இல் ஆங்கிலேயர் ஜே. ஜே. தாம்ஸன் குழாயை இன்னும் நன்கு வெறுமையாக்கிப் பார்த்தார், வளைந்தது. ஒரே சோதனை, காற்றின் அளவில் மட்டுமே வேற்றுமை.

வெறுமையை அளக்கும் அலகுக்கு 'டார்' என்று பெயர். 1643இல் பாதரசக் குழாயின் உச்சியில் வெறுமையைக் காட்டிய இத்தாலியர் டாரிசெல்லியின் நினைவாக வந்தது. நாமிருக்கும் காற்றின் அழுத்தம் 760 டார். நம்மூர் மேட்டு விளைகளில் கிணறு ஆழமானால் நீரிறைக்கும் பம்பைக் கரையில் வைக்காமல் கிணற்றுக்குள்ளேயே படி கட்டி இறக்கி வைப்பதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். எத்துணை வலிய பம்பாயினும் உறிஞ்சுதல் ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் நீரைத் தூக்காது. நீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் எடை. அதன் வலிமை அவ்வளவே. டாரிசெல்லி ஆராயப் புகுந்ததும் இதே கிணற்றுச் சிக்கலைத்தான்.

எலக்ட்ரான் துப்பாக்கிக்கு வேண்டுவது ஒரு டாரின் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்நிலையிலும் ஒரு கன செண்டிமீட்டரில் 3 கோடிக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் எஞ்சியிருக்கும்! ஃபாராபி இதைக் கேட்டிருந்தால் புன்னகை புரிந்திருப்பார். எனினும் அவற்றுக்கிடையே உள்ள வெளியோ பெரிது. சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு ஒரு மில்லிமீட்டரின் பதினையாயிரத்தில் ஒரு பங்கு நகர்வதற்குள் மற்றொன்றில் மோதும். இவ்வெறுமையிலோ, சுவரே இல்லையெனக் கொண்டால், களியக்காவிளையில் புறப்பட்ட மூலக்கூறு கன்னியாகுமரி முனை வரை 50 கிலோமீட்டர் ஒன்றையும் தீண்டாமல் செல்லும். முற்றிலும் வெறுமை என்பது இல்லை என்றவரும் தோற்கவில்லை. வெறுமை இயலும் என்றவரும் தோற்கவில்லை என்றே நமக்குப் படுகிறது.

இனி, அதனை ஆக்கும் வகை.

"உஸ்தாதே, இதுல பாதி வேல கழுவது, பாதி வேல காத்துக் கெடக்கது" என்றார் நம் மாணவர். ஃபிக்ஹு நூல்களின் முதற்பாகம் தஹாரத் எனப்படும் தூய்மை பற்றியது. அவருடைய கூடத்திலும் முதற்பாகம் அதுவே. துருப்பிடியா எஃகும் செம்பும் பீங்கானும் சோப்புக் கரைசலில் இட்டு மீயொலி அலையால் அதிர்விக்கப்படும். பின்னர் உப்பு நீக்கிய நீரில் அலசப்படும். பின்னர் சாராய வகையொன்றால் கழுவி, சூடான தூய காற்றில் உலர்த்தப்படும். எஃகுப் பாகங்கள் சிலவற்றை வெற்றிட உலையில் 900 பாகைக்கு மேல் சுட்டு, உள்ளூறிக் கிடக்கும் ஹைட்ரஜனை வெளியேற்றுவதும் உண்டு. அதன்பின் எவரும் வெறுங்கையால் தொடலாகாது. ஒரே ஒரு விரல்ரேகையின் எண்ணெய்ப் பசை பல நாள் ஆவி விட்டுக்கொண்டே இருக்குமாம். பென்சிலால் அடையாளமிடலாகாது, நூலுதிரும் துணி ஆகாது, கையுறையில் மாவு ஆகாது. நிறமும் சுவையும் மணமும் உள்ள அசுத்தம், அவை மூன்றும் புலப்படாவிடினும் அசுத்தமென்றே கொள்ளத்தக்கது என ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் அசுத்தத்தை இருவகைப்படுத்தும். "நீங்க சொல்லித் தந்த ஹுக்மிய்யா நஜீஸ்தான் எங்களுக்குப் பெரிய சத்துரு" என்றார் அவர். சிறுவயதில் அப்பாடத்தில் அவர் தூங்கி வழிந்தது நமக்கு நினைவிருக்கிறது.

பாகங்களைப் பூட்டுவதும் தனிக்கலை. இரு குழாய்களின் வாய்த்தட்டுகளிலும் கத்தி விளிம்பு போன்றதொரு வட்ட வரம்பு உண்டு. நடுவே மெல்லிய செம்பு வளையத்தை வைத்து முடுக்கினால் இரு விளிம்புகளும் செம்பைக் கடித்து வழியடைக்கும். வளையம் ஒருமுறைக்கே, கழற்றினால் எறிய வேண்டியதுதான். கத்தி விளிம்பில் மயிரிழையளவு கீறல் விழுந்தாலும் தட்டே பயனற்றுப் போகும். திருகாணிகளை வரிசையாக முடுக்கலாகாது. ஒன்றைச் சிறிது, அதற்கு நேரெதிரே உள்ளதைச் சிறிது, பின்னர் குறுக்கே உள்ளவற்றை என, சுற்றிச் சுற்றிப் பலமுறை வரவேண்டும்.

அவர் கூறியவற்றுள் நம்மை மிகக் கவர்ந்தது திருகாணியின் கதை. அடிமூடிய துளையில் திருகாணியை முடுக்கினால் அதன் நுனிக்குக் கீழே துளியளவு காற்று சிறைப்படும். அக்காற்று மரையின் இடுக்குவழி நாட்கணக்கில் மெல்ல மெல்லக் கசியும். கருவியில் பார்த்தால் வெளியிலிருந்து கசிவதாகவே தோன்றும். வெளியே தேடினால் ஓட்டையே இராது. இப்பொய்க் கசிவைத் தடுக்க, திருகாணியின் நடுவே நெடுக ஒரு நுண்துளை இட்டு விடுகிறார்கள். அறபு வினைச்சொல்லுள் எழுத்தில் தோன்றாது மறைந்து நின்று பொருள் தரும் எழுவாயை 'முஸ்ததிர்' என்போமன்றோ, அதுபோன்றதொன்று எனக் கொண்டோம். இலக்கண ஆசிரியருக்கு இவ்வாறுதான் விளங்கும், பொறுத்தருள்க.

பூட்டியபின் பம்புகள். எண்ணெயில்லாப் பம்பு ஒன்று பெரும்பகுதிக் காற்றை இறைக்கும். அடுத்து, நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் அலகுகள் கொண்ட டர்போ பம்பு மூலக்கூறுகளை அடித்து வெளியே தள்ளும். இறுதியாக அயனிப் பம்பு. அதில் சுழல்வது எதுவுமில்லை, வெளியேறும் வழியும் இல்லை. உள்ளே வரும் மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் தந்து டைட்டானியத் தகட்டில் மோதச் செய்து, அங்கேயே புதைத்து விடுகிறது. மருத்துவப் பொறிகளில் இரவும் பகலும் ஓய்வின்றி இயங்குவது இதுவே. பொறியை அணைத்தாலும் இதனை அணைப்பதில்லை.

சாதாரண வெப்பத்தில் எஃகுச் சுவரில் ஒட்டியிருக்கும் நீராவி வாரக்கணக்கில் விடாது. எனவே முழு அமைப்பையும் சூட்டுநாடாக்களால் சுற்றி, அலுமினியத் தாளால் போர்த்தி, 150 முதல் 250 பாகை வரை இரண்டு மூன்று நாள் சுடுகிறார்கள். விரைந்து சுட்டால் பீங்கான் வெடிக்கும். விரைந்து குளிர்வித்தாலும் அவ்வாறே. யாரேனும் ஒருவர் இரவெல்லாம் விழித்திருந்து அளவு குறிக்க வேண்டும்.

கசிவு தேடுவது எவ்வாறு? மிதிவண்டிக் கடையில் டியூபை நீரில் அமிழ்த்திக் குமிழி பார்ப்பர். இங்கோ, இணைப்புகளின் மேல் வெளியே ஹீலியம் வாயுவை ஊசிமுனையளவு ஊதி, உள்ளே ஹீலியம் வருகிறதா என்று ஒரு கருவி பார்க்கிறது. ஒரு கன செண்டிமீட்டர் வாயு கசிந்து முடிய 300 ஆண்டு பிடிக்கும் ஓட்டையையும் அது காட்டிவிடும்.

இவ்வளவும் முடிந்தபின்னரே வில்லைக்கு உயிரூட்டுவது. மின்னோட்டத்தைச் சிறிது ஏற்றுவர். வில்லை சூடேறும்போது அதிலிருந்து வாயு கிளம்பி அழுத்தம் உயரும். உடனே நிறுத்திக் காத்திருப்பர். அழுத்தம் தணிந்தபின் மீண்டும் சிறிது ஏற்றுவர். ஒரு முழுநாளும் இதிலேயே கழியலாம். பொறுமையிழந்து ஒரே மூச்சில் ஏற்றியவர் வில்லையைக் கொல்வார். கண்ணாடிச் சாளரத்தின் வழியே அது முதன்முதல் செம்மஞ்சளாய் ஒளிர்வதைக் காண, வேலையில்லாதவர்களும் வந்து நிற்பார்களாம்.

வில்லை எதனால் ஆனது என்று கேட்டோம். மருத்துவப் பொறிகளில் பெரும்பாலும் பேரியம் ஊட்டிய டங்ஸ்டன். வேறு சிலவற்றில் லாந்தனம் ஹெக்ஸாபோரைடு என்றார். பின்னதன் திறனை 1951இல் அமெரிக்க அறிஞர் லாஃபர்ட்டி விளக்கினார். இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தின் மைக்ரோட்ரானில் அதுவே எலக்ட்ரான்களைத் தருகிறது. அவ்வெலக்ட்ரான்களே வேகமூட்டப்பட்டு, 1999இல் இயங்கத் தொடங்கிய இந்தஸ்-1, 2005இல் முதல் கற்றையைத் தேக்கிய இந்தஸ்-2 ஆகிய வளையங்களில் சுற்றுகின்றன. இரண்டாவதன் சுற்றளவு 172 மீட்டருக்கு மேல். அவ்வளவு நீளமும் வெறுமையாக்கப்பட்டது.

லாந்தனம் என்றதும் நாம் நிமிர்ந்து அமர்ந்தோம். களியக்காவிளையிலிருந்து தென்கிழக்கே மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில், 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டறிந்தார். அந்நாளில் காஸ் விளக்கின் வலைக்கு வேண்டிய தோரியத்துக்காக அது கப்பலேறியது. 1950இல் தோன்றிய இந்திய அரிய மணல் நிறுவனம் இன்றும் அங்கே இயங்குகிறது. அம்மோனசைட்டில் தோரியத்துடன் சீரியமும் லாந்தனமும் கலந்துள்ளன. மணல் அள்ளுவதைக் கடற்கரை மக்கள் அஞ்சுவதும் எதிர்ப்பதும் நாமறிந்ததே. அது வேறு வழக்கு, ஈண்டு விரிப்பின் பெருகும். நம் காலடி மணலிலுள்ள ஒரு தனிமம் இந்தூரில் எலக்ட்ரான் உமிழ்கிறது என்பதை நம் பிள்ளைகளின் பாடநூல் ஏன் கூறவில்லை என்பதே நம் ஆதங்கம்.

நிற்க. தாழ்வாரத்துக்கு வருவோம். அம்மருத்துவமனைப் பொறியில் துப்பாக்கியை மாற்றியிருக்கிறார்கள். மாற்றுவதற்காக உள்ளே உலர்ந்த நைட்ரஜனை நிரப்பித் திறந்து, புதியதைப் பூட்டி, மீண்டும் இறைத்து, சுட்டு, வில்லைக்கு உயிரூட்டி, மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றிப் பழக்கி முடிக்க நான்கு வேலைநாட்கள் சென்றன. உள்ளே எவரும் சும்மா இருக்கவில்லை என்பது நமக்கு இப்பொழுது விளங்குகிறது. அன்று அந்நாற்பது பேரில் ஒருவருக்கேனும் அஃது உரைக்கப்பட்டதா? "திறந்து மூடினால் உள்ளே ஈரம் ஏறும், அது போக நாலு நாளாகும், அவசரப்பட்டால் புதியதும் கெடும்" என்று மூன்று வாக்கியம் போதும். அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது; அதனை வாசிக்கத் தெரிந்தவர்க்கும் அது விளங்கியிராது.

தவறிய நான்கு நாட்களையும் மருத்துவர் அடுத்து வந்த சனிக்கிழமைகளில் ஈடு செய்தார். தங்கை 30 நாளையும் முடித்தாள். ஆண்டுகள் சில சென்றுவிட்டன, இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். நாவு மட்டும் காரம் பொறுக்காது. மீன் துண்டத்தைக் குழம்பிலிருந்து எடுத்து நீரில் அலசித்தான் உண்கிறாள். கடற்கரை முதியவரை அதன்பின் நாம் காணவில்லை.

நம் மாணவர் விடைபெறும்போது நமக்கொரு வேலை வைத்துச் சென்றார். வெளியிலிருந்து வாயு உட்புகுவது கசிவு. சுவரின் உள்ளிருந்தே வாயு மெல்ல வெளிப்படுவதை ஆங்கிலத்தில் 'அவுட்காஸிங்' என்கிறார்கள். அதற்கொரு தமிழ்ச் சொல் வேண்டும் என்றார். 'உமிழ்வு' என்றால் எலக்ட்ரான் உமிழ்வோடு மயங்கும். 'வியர்த்தல்' என்று நினைத்தோம். அறபியில் 'ரஷ்ஹ்' என்பது கசிவுக்கும் வியர்வைக்கும் ஆகும். ஆயின் வியர்வை நீராயிற்றே என்று அவர் ஒப்பவில்லை. கிணற்றில் நீர் ஊறுவது போன்று சுவரில் வாயு ஊறுகிறது, ஆதலின் 'வாயு ஊறல்' எனலாம் என்றோம். புணர்ச்சி விதிப்படி 'வாயுவூறல்' என்றே வரும். ஆனால் பையன்கள் 'வாயூறல்' என்று சொல்லிச் சிரிப்பார்கள் என்கிறார் அவர். அவருடைய கூடத்தில் புதிதாய்ச் சேரும் பயிற்சியாளருள் இருவர் தமிழ்ப் பிள்ளைகளாம். அவர்கள் வருமுன் சொல் வேண்டுமாம். நேயர்கள் எவரேனும் எழுதினால் அவருக்கு அனுப்பி வைப்போம்.